கால்வாய் கடந்த பிளேரியோ

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் மழையையே பெரிதும் நம்பி வாழும் ஊர்கள் பல உள்ளன. ஏரிப் பாசனமும் ஆற்றுக்காலும் எட்டாத இடங்களில் உழவர் ஆழமாகக் கிணறு வெட்டி நீர் இறைத்தனர். ஊர்தோறும் மின்சாரம் வந்து சேர்வதற்கு முன்னர், அக்கிணற்று மேடுகளில் எண்ணெய் எந்திரங்கள் நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வெந்திரத்தை உற்று நோக்கியோர் ஒன்றைக் கண்டிருப்பர். இறைக்கும் நீரில் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் வழியாக எந்திரத்தின் உடலுக்குள் புகும்; அங்கே எரிபொருள் எரியும் உருளையைச் சுற்றிவந்து, மறுபுறம் வெந்நீராக வெளியேறி வாய்க்காலில் விழும். மார்கழிக் காலைகளில் சிறுவர் அந்நீரில் கை நனைத்து மகிழ்வதுண்டு. அக்குழாய் அடைபட்டுவிட்டால் எந்திரம் சிறிது நேரத்தில் சூடேறித் திணறி நின்றுவிடும். உழவர் அதற்காக மனங் கலங்குவதில்லை. வேப்ப நிழலில் அமர்ந்து, எந்திரம் ஆறும்வரை காத்திருந்து, அடைப்பை நீக்கி மீண்டும் ஓட்டுவார்.

தரையில் நிற்கும் எந்திரத்திற்கு இது பொருந்தும். நிலத்தினின்று 80 மீட்டர் உயரத்தில், அதுவும் கடலின் மீது பறந்துகொண்டிருக்கும் எந்திரம் இவ்வாறு சூடேறி நின்றால் என் செய்வது? அங்கே கிணறும் இல்லை, நிழலும் இல்லை, காத்திருக்க இடமும் இல்லை. வானூர்தியை முதன்முதல் அமைத்த அறிஞர் அனைவரையும் வருத்திய இடர்களுள் இது தலையாயது. சிறகின் வடிவத்தை ஆராய்ந்து கண்டவர் பலர். எந்திரத்தின் வெம்மையை அடக்கும் வழி தெரியாது அவர்களுட் சிலர் பின்வாங்கினர். தம் கையாலேயே விமானம் அமைத்து, தாமே அதிலேறிப் பறந்து, அவ்வெம்மையைத் தம் உடலாலேயே உணர்ந்தறிந்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அவர் பெயர் லூயி பிளேரியோ.

பிளேரியோ 1872ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள காம்பிரே என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் துணி நெய்விக்கும் தொழிலில் ஈடுபட்டவர். மைந்தர் பாரிசு நகரிலுள்ள புகழ்பெற்ற பொறியியற் கல்லூரி ஒன்றில் பயின்று 1895இல் தேறினார். பின்னர்ச் சிறிது காலம் படையில் பீரங்கிப் பிரிவில் பணியாற்றி, மின்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றிலும் வேலை பார்த்தார். பிறரிடம் ஊழியம் செய்வதில் அவர் மனம் நிலைக்கவில்லை.

அக்காலத்தில் மோட்டார் வண்டிகள் புதியனவாகத் தோன்றிப் பெருகிவந்தன. இரவில் அவற்றை ஓட்டுதற்கு ஏற்ற ஒளி இல்லாமை பெருங் குறையாக இருந்தது. கார்பைடின் மீது நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலீன் வாயுவை எரித்தால் வெண்மையான பேரொளி உண்டாகும் என்பதை அறிந்த பிளேரியோ, அதனைக் கொண்டு வண்டி முகப்பு விளக்குகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நம் நாட்டுத் திருவிழாக் கடைகளில் முன்னாளில் எரிந்த கார்பைடு விளக்கின் உறவே அது. 1897இல் பாரிசில் அவர் திறந்த விளக்குக் கடை விரைவில் வளர்ந்தது. பெயர் பெற்ற வண்டித் தொழிற்சாலைகள் அவருடைய விளக்குகளை வாங்கின. முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் செல்வரானார். 1901இல் ஆலிசு என்னும் நங்கையை மணந்தார். இனிக் கவலையின்றி வாழலாம் என்ற நிலை அவருக்கு வாய்த்திருந்தது. ஆனால், விளக்கிலிருந்து வந்த பொருள் அனைத்தையும் வேறொன்று விழுங்கத் தொடங்கியது.

1900ஆம் ஆண்டு பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதில் கிளெமான் அதேர் என்னும் பொறியாளர் செய்த வானூர்தி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வௌவாலின் சிறகைப் போன்ற சிறகுகளும், நீராவி எந்திரங்களும் உடையது அது. அதனைக் கண்ட நாள் முதல் பிளேரியோவுக்குப் பறத்தலன்றிப் பிறிதொரு நினைவு இல்லாமற் போயிற்று. முதலில் பறவையைப் போலச் சிறகடிக்கும் பொறியைச் செய்து பார்த்தார், அஃது எழவில்லை. 1905இல் கபிரியேல் வுவாசென் என்னும் இளைஞரோடு கூடி, எந்திரமில்லா ஊர்தி ஒன்றை அமைத்துச் சேன் ஆற்றின்மேல் படகினால் இழுத்துப் பறக்கவிட்டார். ஊர்தி சாய்ந்து நீரில் வீழ்ந்தது. உள்ளே இருந்த வுவாசென் மூழ்கிவிடாமல் தப்பியது அரிய செயலே. அடுத்த ஆண்டில் இருவரும் பிரிந்தனர்.

அதன்பின் பிளேரியோ தனித்து நின்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்திகளை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் பெயரிடாது எண்ணிட்டு வழங்கினார். ஒன்று வாத்தைப் போல வால்பகுதியை முன்னே நீட்டியது. மற்றொன்று தும்பியைப் போல முன்னும் பின்னுமாக இரண்டு இணைச் சிறகு கொண்டது. பெரும்பாலானவை சில அடி உயரம் எழுந்து வீழ்ந்து நொறுங்கின. 1907 டிசம்பரில் ஏழாம் ஊர்தி தலைகீழாகக் கவிழ்ந்து சிதைந்தது. வீழும் வேளையில் சிறகொன்றின்மேல் தாவிக்கொண்டால், அச்சிறகு முறியும்போது அடியின் வேகத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் என்பதை அவர் பட்டறிந்து கைக்கொண்டார் என்பர். வீழ்ச்சிக்கும் ஒரு முறை வகுத்துக்கொண்ட மனிதர் அவர்! எட்டாம் ஊர்தி ஓரளவு வெற்றி தந்தது. 1908 அக்டோபர் 31ஆம் நாள் அதிலேறித் தூரி என்னும் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆர்த்தனே என்னும் ஊர்வரை சென்று, இடையில் இருமுறை இறங்கி, புறப்பட்ட இடத்திற்கே மீண்டார்.

இங்கே எந்திரத்தைப் பற்றிச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். அதனை அறியாவிடில் பிளேரியோவின் அருஞ்செயலை முழுமையாக உணர இயலாது.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றல் அனைத்தும் சக்கரத்தையோ விசிறியையோ சுழற்றுவதற்குப் பயன்படுவதில்லை. அக்கால எந்திரங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே வேலையாக மாறியது. எஞ்சியது வெப்பமாகிப் புகையோடு கலந்தும், உருளையின் சுவரைச் சுட்டும் வீணாயிற்று. உருளையைச் சுடும் வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடில் உள்ளேயுள்ள எண்ணெய் நீர்த்துப்போகும். உருளைக்குள் ஏறியிறங்கும் உந்து தண்டு விரிந்து சுவரோடு இறுகும். எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்பே தீப்பற்றும். முதலில் ஆற்றல் குறையும். பின்னர் எந்திரம் நிற்கும்.

இதனைத் தடுக்க இரண்டு வழிகள் இருந்தன. கிணற்று மேட்டு எந்திரத்தைப் போல நீரைச் சுற்றவிடுதல் ஒன்று. வானூர்தியில் நீரைப் புதிது புதிதாகப் பெற முடியாதாகையால், சூடேறிய நீரையே ஆற்றி மீண்டும் பயன்படுத்த வேண்டும்; அதற்கு நீரும், தொட்டியும், ஆற்றும் குழாய்களும் சுமையாகச் சேரும். லெவாவசர் என்பார் அமைத்த அந்துவானெத் எந்திரத்தில் இதற்கு நுட்பமான ஏற்பாடு ஒன்று இருந்தது. சிறிதளவு நீரை உருளையைச் சுற்றிக் கொதிக்கவிட்டு, எழும் ஆவியை ஊர்தியின் பக்கங்களில் பதித்த நீண்ட குழாய்களில் செலுத்துவர். அங்கே காற்றுப் பட்டு ஆவி நீராகித் திரும்பும். பிளேரியோவின் முந்தைய ஊர்திகள் சில இவ்வகை எந்திரத்தாலேயே இயங்கின. மற்றொரு வழி, நீரையே ஒழித்து, உருளையின் புறத்தே மெல்லிய தகடுகள் பலவற்றை வரிசையாக அமைத்துக் காற்றாலேயே ஆறச் செய்தல். இதில் சுமை குறைவு. ஆனால் வெம்மை முழுதும் தணிவதில்லை.

1909 ஜனவரியில் பிளேரியோ தம் பதினோராம் ஊர்தியைப் பறக்கவிட்டார். மரச் சட்டங்களைக் கம்பிகளால் இழுத்துக் கட்டித் துணி போர்த்த ஊர்தி அது. ஒற்றைச் சிறகு வரிசை உடையது. இச்சிறகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 8 மீட்டர்கூட இல்லை. முதலில் அதற்கு எஸ்னோ-பெல்த்ரி என்பார் செய்த 30 குதிரைத்திறன் எந்திரத்தைப் பூட்டினார். காற்றால் ஆறும் அவ்வெந்திரம் விரைவில் அளவுகடந்து சூடேறியது. நம்பத் தகுந்ததாக இல்லை. ஊர்தி நல்லது, எந்திரமே குறையுடையது என்று கண்ட பிளேரியோ, பாரிசில் இருசக்கர மோட்டார் வண்டிகளுக்கு எந்திரம் செய்துவந்த அலெசாந்திரோ அன்சானி என்னும் இத்தாலியரை நாடினார்.

அன்சானியின் எந்திரம் பார்வைக்கு அழகற்றது. திருத்தமாகச் செய்யப்படாதது என்றும் சிலர் குறை கூறுவர். மூன்று உருளைகள் விசிறி மடல்கள் போல விரிந்து நின்றன. அதனால் ஒன்றன் பின் ஒன்று மறையாது, மூன்றின் மீதும் முன்னேயுள்ள விசிறியின் காற்று நேரே வீசியது. அதன் ஆற்றல் 25 குதிரைத்திறன் அளவே. ஆயினும் வெம்மையைத் தணிக்க அன்சானி ஒரு வழி கண்டிருந்தார். உருளைகளின் அடிப்பகுதியில் சிறு துளைகளை இட்டார். உந்து தண்டு கீழே இறங்கி முடியும்போது அத்துளைகள் திறக்கும்; எரிந்த சூடான வாயுவில் பெரும்பகுதி அவற்றின் வழியே உடனே வெளியேறிவிடும். உருளையின் தலைப்பகுதியும் அங்குள்ள அடைப்பானும் அந்த அளவுக்கு வெப்பத்தினின்று தப்பும். இதற்கு ஒரு விலையும் உண்டு. வாயுவோடு எண்ணெயும் துளைகளின் வழியே தெறித்து, பின்னால் அமர்ந்து ஓட்டுபவரின் முகத்திலும் உடையிலும் படியும். பறந்து இறங்கிய பிளேரியோ செக்காட்டுபவரைப் போல எண்ணெய் வழிய நிற்பார். அந்த அழுக்கைப் பொருட்படுத்தாது அவர் ஏற்றுக்கொண்டார். மரப்பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கிய சோவியேர் என்பாரின் விசிறியும் சேர்ந்தபோது, ஊர்தி புத்துயிர் பெற்றது. ஜூன் 26இல் 36 நிமிடமும், ஜூலை 4இல் 50 நிமிடமும் தொடர்ந்து பறந்தார்.

இடையில் ஜூலை 3ஆம் நாள் துவே என்னும் இடத்தில் நிகழ்ந்ததைக் கூறாமல் விடுதல் தகாது. அன்று பறந்துகொண்டிருந்தபோது, புகைக் குழாயின்மேல் சுற்றியிருந்த கல்நார் உறை கழன்றுவிட்டது. செந்தழல் போன்ற குழாயின் வெம்மை பிளேரியோவின் காலைத் தாக்கியது. அரைமணி நேரத்தில் காலணி எரிந்து ஓட்டை விழுந்தது. பின்னர்ச் சதையும் வெந்தது. அவர் இறங்கவில்லை. எந்திரம் தானே ஓயும்வரை, 47 நிமிடம் பறந்த பின்னரே தரையை அடைந்தார். அப்புண் ஆற இரண்டு திங்களுக்கு மேலாயிற்று. இதனை வீரம் என்று போற்றுவோர் உண்டு. பிடிவாதம் என்று கூறினும் குற்றமில்லை. மறுநாளே அவர் வேறோரிடத்தில் 50 நிமிடம் பறந்தார் என்பதை எண்ணும்போது, எப்பெயரிட்டு அழைப்பது என்றே நமக்குத் தெரியவில்லை.

அவ்வளவு விரைவுக்குக் காரணம் இருந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடப்பவருக்கு 1,000 பவுன் பரிசளிப்பதாக இலண்டன் செய்தித்தாள் ஒன்று அறிவித்திருந்தது. பிளேரியோவின் விளக்குச் செல்வம் ஏறத்தாழக் கரைந்துவிட்டது. பத்து ஊர்திகள் அதனைத் தின்றிருந்தன. மனைவியும் மக்களும் உடைய ஒருவர் இனியும் எத்தனை ஊர்திகளை உடைக்க இயலும்? புகழை மட்டுமன்றித் தம் தொழிலின் எதிர்காலத்தையும் அந்த ஒரு பறத்தலிலேயே அவர் பணயமாக வைத்தார்.

பரிசை நாடியவர் அவர் ஒருவரல்லர். ஹியூபர்ட் லேதம் என்னும் செல்வ இளைஞர் அழகிய அந்துவானெத் ஊர்தியோடு கலே நகரின் அருகே முன்பே வந்து தங்கியிருந்தார். ஜூலை 19ஆம் நாள் அவர் புறப்பட்டார். ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சென்றதும் எந்திரம் நின்றது. ஊர்தி கடலில் இறங்கி மிதந்தது. லேதம் அதன்மேல் அமர்ந்து, புகை பிடித்தவாறே, மீட்க வரும் கப்பலுக்காகக் காத்திருந்தார். புதிய ஊர்தி வரவழைத்து மீண்டும் முயல அவர் முனைந்திருந்தபோதுதான், பிளேரியோ ஊன்றுகோலின் துணையோடு நொண்டிக்கொண்டு கலே அருகிலுள்ள லெ பராக் என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்தார்.

சில நாட்கள் காற்றும் மழையும் இடைவிடாது வருத்தின. ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காற்று அடங்கிற்று. நண்பர் ஒருவர் பிளேரியோவை எழுப்பினார். லேதமின் பாசறையில் அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் விழித்தெழுந்தபோது காற்று மீண்டும் எழுந்துவிட்டது. ஞாயிறு தோன்றிய பின்னரே புறப்படவேண்டும் என்பது பரிசின் விதி. பிளேரியோ சிறிது நேரம் பறந்து எந்திரத்தைச் சோதித்தார். பின்னர்த் தரையில் கதிரவனுக்காகக் காத்திருந்தார். காலை 4 மணி 41 நிமிடத்திற்கு ஊர்தி எழுந்தது.

கால்வாயின் அகலம் அவர் சென்ற வழியில் சுமார் 36 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையின் தொலைவு 30 கிலோமீட்டர் அளவே. அச்சாலையில் இன்று பேருந்தில் செல்பவருக்கு அஃது ஒரு பயணமாகவே தோன்றாது. ஆனால் பிளேரியோவிடம் திசைகாட்டி இல்லை. கீழே சாலை இல்லை, ஊர் இல்லை. அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் ஒன்று சென்றது. அதில் ஆலிசு அம்மையார் இருந்தார். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஊர்தி விரைவில் கப்பலைக் கடந்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்து நிமிடம், முன்னே கரையும் தெரியவில்லை. பின்னே கப்பலும் தெரியவில்லை. மூடுபனியின் நடுவே ஓர் எந்திரத்தின் ஓசை மட்டுமே அவருக்குத் துணையாயிற்று. அவ்வோசை மாறினால் என்னவாகும் என்பதை, வெந்த காலோடு அமர்ந்திருந்த அவரினும் நன்கு அறிந்தவர் எவர்?

நடுக்கடலில் எந்திரம் சூடேறித் தளர்ந்தது என்றும், அவ்வேளையில் மழைத்தூறல் விழுந்து உருளைகளைக் குளிர்வித்தமையால் ஊர்தி தப்பிற்று என்றும் பல நூல்கள் கூறும். கேட்பதற்கு இனிய செய்தி இது. வானமே இரங்கி உதவிற்று என்று மனம் மகிழும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இதே எந்திரம் மூன்று வாரங்களுக்கு முன்னர் மழையின் உதவி ஏதுமின்றி 50 நிமிடம் ஓடியிருந்தது. கால்வாயைக் கடக்க அதற்கு வேண்டியிருந்ததோ 37 நிமிடத்திற்கும் குறைவான நேரம். மழை உதவியிருக்கலாம், அன்சானியின் துளைகளும், விசிறியின் காற்றும், பல திங்கள் பட்ட பாடும் அதைவிட மிகுதியாக உதவின என்று கொள்வதே பொருத்தம்.

இங்கிலாந்தின் வெண்ணிறக் கரை தெரிந்தபோது, காற்று அவரை வழியினின்றும் சற்று விலக்கியிருந்தது. கரையோரமாகத் திரும்பி வந்தார். டோவர்க் கோட்டைக்கு அருகிலுள்ள புல்வெளியில், முன்னரே அங்குச் சென்றிருந்த பிரெஞ்சுச் செய்தியாளர் ஒருவர் மூவண்ணக் கொடியை வீசிக்கொண்டிருந்தார். சுழன்றடித்த காற்றில் பிளேரியோ எந்திரத்தை நிறுத்திச் சட்டென்று இறங்கினார். சக்கரச் சட்டம் முறிந்தது, விசிறியும் உடைந்தது. அவருக்கு ஊறு ஏதும் நேரவில்லை. இரண்டு நாட்களுக்குப் பின் லேதம் மீண்டும் புறப்பட்டார். டோவரை அணுகும் வேளையில் அவருடைய எந்திரம் மறுபடியும் நின்று, அவரைக் கடலில் இறக்கிற்று.

அந்த ஆண்டு முடிவதற்குள் பதினோராம் ஊர்தி வேண்டுமென்று நூற்றுக்கு மேற்பட்டோர் கேட்டு எழுதினர். விளக்கு வணிகர் விமான வணிகரானார். பறப்பதற்குப் பயிற்றும் பள்ளிகளையும் நிறுவினார். 1909 டிசம்பரில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் பலத்த காற்றில் பறந்து காட்டியபோது, ஊர்தி ஒரு வீட்டுக் கூரைமேல் வீழ்ந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். அதன் பிறகு அவர் போட்டிகளில் பறக்கவில்லை. பிறர் பறப்பதற்கு ஏற்ற ஊர்திகளை அமைப்பதே தம் பணி என்று கொண்டார்.

அப்போது எந்திரத்தின் வெம்மை என்னும் பழைய இடருக்குப் புதிய விடை ஒன்று தோன்றியிருந்தது. செகேன் சகோதரர் என்போர் நோம் என்னும் பெயரால் ஒரு சுழல் எந்திரத்தைச் செய்தனர். வழக்கமான எந்திரத்தில் உருளைகள் அசையாது நிற்கும். நடுவிலுள்ள அச்சு சுழலும். இதிலோ அச்சு ஊர்தியோடு இறுகப் பிணைக்கப்பட்டு நிற்க, அதனைச் சுற்றி ஏழு உருளைகளும் விசிறியோடு சேர்ந்து நிமிடத்திற்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட முறை சுழன்றன. கை சுட்டால் அதனை வீசி ஆற்றுகிறோம் அல்லவா? அதுபோல, உருளைகள் காற்றைத் தேடித் தாமே சுழன்று குளிர்ந்தன. ஊர்தி தரையில் நின்றாலும் அவை ஆறும். நீர் இல்லை, தொட்டி இல்லை, 50 குதிரைத்திறன் எந்திரம் எடையில் மிகக் குறைவாக இருந்தது.

அவ்வெந்திரத்துக்கு ஊற்றிய எண்ணெய் எது என்று அறிந்தால் நம் மாணவர் வியப்பர். அது விளக்கெண்ணெய். அவ்வெந்திரத்தில் பெட்ரோலும் காற்றும் அச்சுப் பெட்டியின் வழியாகவே உருளைக்குச் செல்லும். மற்ற எண்ணெய்கள் பெட்ரோலில் கரைந்து போய்விடும். ஆமணக்கு எண்ணெய் எளிதில் கரையாது, மிகுந்த வெப்பத்திலும் வழவழப்புக் குன்றாது. நம் மானாவாரிக் காடுகளின் வரப்போரங்களில் வளரும் ஆமணக்கின் நெய்யே ஐரோப்பிய வானில் எரிந்தது. எரியாத எண்ணெய் திரும்பப் பெறப்படாமல் வெளியே சிதறும். விமானிகள் அதனைச் சுவாசித்தும் விழுங்கியும் வயிற்று நோயால் வருந்தினர் என்பதும் உண்மையே.

பிளேரியோ தம் பதினோராம் ஊர்தியில் நோம் எந்திரத்தைப் பூட்டினார். எடுத்துச் சென்றது அதே வடிவந்தான். ஆயின் ஆற்றல் இருமடங்காயிற்று. 1910 செப்டம்பரில், பெரு நாட்டுப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்த சாவேஸ் என்னும் இளைஞர் இவ்வகை ஊர்தியில் ஆல்ப்சு மலையைக் கடந்தார். இறங்கும் வேளையில் சிறகு ஒடிந்து வீழ்ந்து, நான்கு நாளில் உயிர் நீத்தார். 1913இல் பெகூ என்பவர் பிளேரியோ ஊர்தியைத் தலைகீழாக ஓட்டியும், வானில் வட்டமிட்டும் காட்டினார்.

அக்காலத்தே நம் சென்னையிலும் இவ்வார்வம் எழாமலில்லை. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிசு என்னும் கார்சிகத் தீவினர், தாமே வரைந்த திட்டப்படி, சிம்சன் வண்டித் தொழிற்சாலையாரின் துணையோடு விமானம் ஒன்றை அமைத்து 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சிறிய எந்திரம் ஒன்றைக் கொண்டு சென்னை வெயிலில் அவர் பறந்தார் என்றால், அதன் அருமையை இதுகாறும் படித்தவர் உணர்வர்.

சுழல் எந்திரத்திற்கும் எல்லை இருந்தது. உருளைகள் காற்றைக் கிழித்துச் சுழல்வதிலேயே ஆற்றலில் ஒரு பங்கு கழிந்தது. அவற்றின் எடை பம்பரம் போலச் சுழன்றமையால், ஊர்தியைத் திருப்புவது கடினமாயிற்று. எந்திரத்தைப் பெரிதாக்க ஆக்க இக்குறைகளும் வளர்ந்தன. முதல் உலகப் போருக்குப் பின்னர் அவ்வகை மெல்ல மறைந்தது. (இன்று தாமே விமானம் கட்டுவோர் சிலர் பயன்படுத்தும் சுழலி எந்திரம் இதனின் வேறானது. வாங்கெல் என்னும் செருமானியர் வகுத்த அதில் உருளைகள் இல்லை. முக்கோண வடிவத் தண்டு ஒன்று நிலையான அறைக்குள் சுழலும். காற்று மட்டுமே அதனை ஆற்றப் போதாது. நீருக்கு ஒன்றும் எண்ணெய்க்கு ஒன்றுமாக ஆற்றும் அடுக்குகளை அமைத்து, அவற்றுக்குள் காற்றைச் செலுத்தும் வாயிலின் அளவை அவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கின்றனர்.)

போர் தொடங்கும் காலத்தில் பிளேரியோ, நொடித்துப்போன விமான நிறுவனம் ஒன்றை ஏற்று, ஸ்பாட் என்னும் பெயரால் நடத்தினார். 1916இல் அங்கிருந்து வெளிவந்த போர் விமானத்தில் இருந்தது நீரால் ஆறும் எந்திரம். ஆண்டுகளுக்கு முன் சுமை என்று அவர் ஒதுக்கிய நீர் மீண்டும் வந்து சேர்ந்தது. எந்திரத்தின் ஆற்றல் அதன் சுமையைத் தாங்கும் அளவுக்கு இப்போது வளர்ந்திருந்தது. வெப்பத்தின் தொல்லை மட்டும் அப்போதும் தீரவில்லை. முதலில் வந்த ஊர்திகள் கோடையில் அளவுகடந்து சூடேறின. குளிர்காலத்திலோ சூடேற மறுத்தன. களத்திலிருந்த தொழிலாளர் எந்திரத்தை மூடிய தகட்டில் தாமே துளைகளை வெட்டிக் காற்றுக்கு வழி செய்தனர். பின்னரே, வேண்டும்போது திறந்து மூடும் பலகணித் தகடுகள் முகப்பில் பொருத்தப்பட்டன.

பிளேரியோ 1936 ஆகஸ்டில் பாரிசில் காலமானார். 1927இல் தனியே அட்லாண்டிக்கைக் கடந்துவந்த லிண்ட்பர்க்கைப் பாரிசில் வரவேற்கும் பேறும் அவருக்குக் கிட்டியிருந்தது. பாரிசிலுள்ள தொழிற்கலைக் காட்சிச்சாலையில், முன்னாளில் தேவாலயமாக இருந்த மண்டபத்தின் உயரத்தே, கால்வாயைக் கடந்த பதினோராம் ஊர்தி இன்றும் தொங்குகிறது. அதே காட்சிச்சாலையின் படிக்கட்டின்மேல் விரிந்திருப்பது, 1900இல் இளைஞர் பிளேரியோவின் உள்ளத்தைக் கவர்ந்த அதேரின் வௌவால் ஊர்தி.